மாத்திரை அட்டைக்குப் பின்னால் ஒரு பேராசிரியர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இருமல் மருந்து குடித்துக் குழந்தைகள் செத்துப்போன விவகாரம் 2025-ல் வெடித்ததிலிருந்து மருந்துக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைப் பற்றி உங்கள் பத்திரிகை நிறைய எழுதிவிட்டது. தலையங்கம், நிருபர்கள் கட்டுரை, அதிகாரிகள் பேட்டி என்று ஒன்றையும் விடவில்லை. ஆனால் அந்தச் சட்டம் வரக் காரணமாக இருந்த மனிதரின் பெயர் நான் படித்த வரையில் எங்கேயும் வரவில்லை. இதை உங்கள் மேல் குறையாகச் சொல்லவில்லை. மருந்தாளுநர் படிப்பு படித்த எங்களுக்கே அவர் ஒரு ரெண்டு மார்க் கேள்விதான். 'சோப்ரா கமிட்டி: சிறுகுறிப்பு வரைக.' 1930-31, மருந்து விசாரணைக் குழு, தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஆர்.என். சோப்ரா, பரிந்துரைகள் இவை இவை என்று நாலு வரி எழுதினால் மார்க் விழுந்துவிடும். அந்த ஆள் யார், எத்தனையோ வக்கீல்களும் ஐ.சி.எஸ். அதிகாரிகளும் இருக்கும்போது எதற்காக ஒரு மருந்தியல் வாத்தியாரைத் தலைவராகப் போட்டார்கள் என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. பரீட்சை முடிந்ததும் மறந்துபோச்சு. ஓய்வுபெற்ற பிறகு கிடைத்த நேரத்தில்தான் அவரைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். படித்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, அதற்குத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராம்நாத் சோப்ரா 1882-ல் குஜ்ரன்வாலாவில் பிறந்தவர், அந்த ஊர் இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது. லாகூரில் படித்துவிட்டு கேம்பிரிட்ஜ் போனார். அங்கே அவருக்கு வாய்த்தவர் வால்டர் டிக்சன் என்கிற மருந்தியல் ஆசிரியர். அந்தக் காலத்தில் மருந்தியல் என்பதே புதுத் துறை. அதுவரைக்கும் மருத்துவ மாணவர்களுக்கு 'மெட்டீரியா மெடிக்கா' என்று ஒரு பாடம் இருந்தது, எந்த மருந்து எந்த நோய்க்கு, எத்தனை துளி, எந்த நேரத்தில் என்று மனப்பாடம் செய்து ஒப்பிக்கிற பாடம். டிக்சன் மாதிரி ஆட்கள் வந்துதான், ஒப்பித்தது போதும், மருந்து உள்ளே போய் இதயத்தை என்ன செய்கிறது, குடலை என்ன செய்கிறது என்று சோதித்துப் பாருங்கள் என்றார்கள். சோப்ரா அதைப் பிடித்துக்கொண்டார். 1908-ல் ஐ.எம்.எஸ். எனப்படும் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார், முதல் உலகப் போரில் கிழக்கு ஆப்பிரிக்காவில் ராணுவ டாக்டராக இருந்தார், 1921-ல் கல்கத்தாவில் புதிதாகத் திறந்திருந்த வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் மருந்தியல் பேராசிரியரானார். பின்னால் அந்தப் பள்ளிக்கே இயக்குநராகி, 1941-ல் ஓய்வுபெற்றார். 'இந்திய மருந்தியலின் தந்தை' என்று அவரைச் சொல்கிறார்கள். தந்தை பட்டம் கொடுப்பதில் நமக்குக் கஞ்சத்தனமே கிடையாது, ஆனால் இவர் விஷயத்தில் பட்டம் சரியாகத்தான் பொருந்துகிறது.

அந்தக் காலத்து மருந்தியல் ஆய்வுக்கூடம் எப்படி இருக்கும் என்று இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரிய வாய்ப்பில்லை. கைமோகிராஃப் என்று ஒரு கருவி. பளபளப்பான காகிதத்தை ஓர் உருளையில் சுற்றி, விளக்குப் புகையில் காட்டி, முழுக்கக் கரி படிய வைப்பார்கள். உருளை மெதுவாகச் சுற்றும். மயக்கத்தில் கிடக்கும் விலங்கின் ரத்தக்குழாயோடு ஒரு பாதரசக் குழாயை இணைத்திருப்பார்கள், அதன் மேல் மிதக்கும் முள்ளின் நுனி கரியைச் சுரண்டிக்கொண்டே வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டு போகும். மருந்தை ஊசியில் ஏற்றியதும் கோடு சரிந்தால் ரத்த அழுத்தம் இறங்குகிறது, எகிறினால் ஏறுகிறது. கோடு அசையவே இல்லையென்றால், சுவடியில் என்ன எழுதியிருந்தாலும் சரி, லண்டன் கம்பெனி என்ன விளம்பரம் போட்டிருந்தாலும் சரி, ரத்த அழுத்தத்தில் அந்தச் சரக்குக்கு வேலை இல்லை. முடிந்ததும் காகிதத்தைக் கழற்றி வார்னிஷில் முக்கிக் காயவைத்து, தேதி போட்டு எடுத்து வைப்பார்கள். சோப்ரா கல்கத்தாவில் செய்ததெல்லாம் பெரும்பாலும் இதுதான்: உள்நாட்டு மருந்தோ வெளிநாட்டு மருந்தோ, எல்லாவற்றையும் ஒரே உருளைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

அவர் எடுத்துச் சோதித்த செடிகளின் பட்டியலைப் பார்த்தபோது எனக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. நம் வேலியோரத்தில் நிற்கிற செடிகள்தான் பாதி. ஆடாதோடை இருக்கிறது, மூக்கிரட்டை இருக்கிறது, வெண்புள்ளிக்குப் போடுகிற கார்போக அரிசி இருக்கிறது, மஞ்சள் அரளி இருக்கிறது, சீதபேதிக்குக் கொடுக்கிற குடசப்பாலைப் பட்டை இருக்கிறது. இந்தக் குடசப்பாலையையும் வெட்பாலையையும் போட்டுக் குழப்புவது இன்றைக்கும் நாட்டு மருந்துச் சந்தையில் நடக்கிற கதை, பட்டையாக உரித்து மூட்டை கட்டிவிட்டால் யார் கண்டுபிடிப்பது? அதனால்தான் செடியைத் தாவரவியல் ஆள் பார்த்து இன்னதுதான் என்று சொல்ல வேண்டும், வேதியியல் ஆள் அதற்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துக் கொடுக்க வேண்டும், பிறகுதான் மருந்தியல் ஆள் அதைத் தொட வேண்டும் என்று மூன்று பேரையும் ஒரே கூரைக்குக் கீழே உட்காரவைத்து வேலை வாங்கினார்.

எஃபிட்ரா என்கிற செடியின் கதை ஒன்று போதும், அவர் எப்படிப்பட்டவர் என்று புரிந்துகொள்ள. 1920-களில் சீனத்துச் செடி ஒன்றிலிருந்து கிடைத்த எஃபிட்ரின் ஆஸ்துமாவுக்குப் பெரிய மருந்தாக உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அதே இனத்துச் செடிகள் நம் இமயமலைப் பக்கத்து வறண்ட சரிவுகளிலும் பலுசிஸ்தானிலும் காடாக வளர்ந்து கிடந்தன. அவற்றிலும் எஃபிட்ரின் இருக்கிறது என்று காட்டியதோடு அவர் குழு நிற்கவில்லை. எந்த இடத்தில், எந்த மாதத்தில் பறித்தால் எவ்வளவு இருக்கிறது என்று அளந்துகொண்டே போனார்கள். மழை அதிகம் பெய்கிற இடத்தில் சரக்கு குறைகிறது, இலையுதிர் காலத்தில் ஏறுகிறது. அப்படியென்றால் 'ஒரு கைப்பிடி எடுத்துக் கஷாயம் வை' என்று சொல்வதில் எத்தனை சங்கடம் பாருங்கள், இந்த மலையில் பறித்த கைப்பிடியும் அந்த மலையில் பறித்த கைப்பிடியும் ஒன்று கிடையாது. பாட்டி வைத்தியம் பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. அளவு தெரியாத மருந்தை நம்பி நோயாளியைப் படுக்கவைக்க முடியாது, அவ்வளவுதான்.

இந்த வேலையையெல்லாம் சேர்த்து 1933-ல் இந்தியாவின் உள்நாட்டு மருந்துகள் பற்றி ஒரு பெரிய ஆங்கிலப் புத்தகம் போட்டார். அதில் அவர் சொல்கிற நோக்கம் மூன்று. இங்கேயே விளைகிற மூலிகைகளைக் கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டு அதையே டிங்சராக, அதாவது சாராயத்தில் ஊறவைத்து இறக்கிய மருந்தாக, திரும்ப வாங்குவதை நிறுத்தி நாமே தயாரிப்பது, வைத்தியர்களும் ஹக்கீம்கள் எனப்படும் யுனானி வைத்தியர்களும் கொடுக்கிற மருந்துகளில் உண்மையில் வேலை செய்பவற்றைச் சோதித்து எடுப்பது, அதை ஏழைகள் வாங்குகிற விலைக்குக் கொண்டுவருவது. மூன்றாவதைத்தான் நான் அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன். கேம்பிரிட்ஜில் படித்து, வெள்ளைக்கார அரசாங்கத்தில் கர்னலாகி, 1941-ல் 'சர்' பட்டமும் வாங்கிய ஒருவர், சாதாரண ஜனத்துக்கு மருந்து கட்டுப்படியாக வேண்டும் என்பதை ஆராய்ச்சியின் நோக்கமாக எழுதிவைக்கிறார்.

அவருடைய பெயரோடு அதிகம் சேர்த்துச் சொல்லப்படுவது சர்ப்பகந்தா. பைத்தியத்துக்கும் பாம்புக்கடிக்கும் தூக்கமின்மைக்கும் காலங்காலமாகக் கொடுத்துவந்த வேர். 1931-ல் டெல்லியில் சலிமுஸ்ஸமான் சித்திக்கி அதிலிருந்து சில ஆல்கலாய்டுகளை, அதாவது செடிக்குள் இருக்கிற வீரியமான வேதிப்பொருள்களை, பிரித்தெடுத்தார். சோப்ராவும் கூட்டாளிகளும் 1933-ல் அந்த வேரின் ஆல்கலாய்டு விலங்குகளில் ரத்த அழுத்தத்தை இறக்குவதைப் பதிவுசெய்தார்கள், அடுத்த பத்து வருடத்துக்கு அதையே துருவிக்கொண்டிருந்தார்கள். அப்போது உலகத்தில் ரத்தக்கொதிப்புக்கு உருப்படியான மாத்திரை என்று ஒன்றும் கிடையாது, உப்பைக் குறை, படுத்து ஓய்வெடு என்பதுதான் பெரும்பாலும் வைத்தியம். 1949-ல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல், தன் நோயாளிகளுக்கு இந்த வேரைக் கொடுத்துப் பார்த்த அனுபவத்தை பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதிய பிறகுதான் வெளிநாட்டுக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். 1952-ல் சுவிட்சர்லாந்தின் சிபா கம்பெனி அதிலிருந்து, ரத்த அழுத்தத்தை இறக்குகிற ரிசர்பைன் என்கிற ஆல்கலாய்டைப் பிரித்தது. நான் கடையில் சேர்ந்த காலத்தில்கூட ரிசர்பைன் கலந்த மாத்திரைக்குச் சீட்டு வரும். மனச்சோர்வு மாதிரியான பக்கவிளைவுகளால் இன்றைக்கு அதை அனேகமாக யாரும் எழுதுவதில்லை. ஆனால் ரிசர்பைன் மூளையில் என்ன செய்கிறது என்று தோண்டப் போனதுதான் மனச்சோர்வு பற்றிய நவீன ஆராய்ச்சிக்கே ஒரு வாசலாக அமைந்தது. கல்கத்தாவில் கரிக்காகிதத்தில் விழுந்த கோடு எங்கே போய் நின்றது பாருங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உள்நாட்டுச் சரக்கைச் சோதித்தவர் இறக்குமதிச் சரக்கைச் சும்மா விடவில்லை. இதய நோயாளிகளுக்குக் கொடுக்கும் டிஜிட்டாலிஸ் டிங்சர் கப்பலில் வந்து இந்த வெயிலில் அலமாரியில் கிடந்தால் என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். வீரியம் போய்விடுகிறது. சீசாவில் எழுதியிருப்பது ஒன்று, உள்ளே இருக்கும் பலம் வேறொன்று. டிஜிட்டாலிஸில் குணமாக்கும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் நடுவில் இடைவெளி ரொம்பக் குறைவு என்பது மருந்துக்கடைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். நீர்த்துப்போன சீசாவுக்குப் பழகி அளவைக் கூட்டி எழுதும் டாக்டர், அடுத்த வாரம் புதுச் சீசா வந்ததும் அதே அளவை எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இன்னொரு பக்கம் மலேரியா, குவினைன் என்று எழுதியிருந்த மாத்திரையில் தேவையான குவினைன் இல்லை என்ற புகார் நாடெங்கும். 1927-ல் மத்திய சட்டமன்றத்தின் மேல்சபையிலேயே இதைப் பற்றித் தீர்மானம் வந்தது. இந்தியன் பீனல் கோடில் மருந்துக் கலப்படத்துக்கு 1860-லிருந்தே தண்டனை இருக்கத்தான் செய்தது. ஆனால் தரம் எது என்று எழுதிவைக்கவில்லை, சோதிக்க ஆய்வுக்கூடம் இல்லை, கடைக்குள் நுழைந்து மாதிரி எடுக்க ஆள் இல்லை. அப்புறம் யாரை எங்கே பிடிப்பது?

இதற்காகத்தான் 1930-ல் குழு போட்டு சோப்ராவைத் தலைவராக்கினார்கள். மருந்து நல்லதா கெட்டதா என்று சொல்லத் தெரிந்த ஆளாகப் பார்த்துப் போட்டது, அரசாங்கம் அபூர்வமாகச் செய்கிற புத்திசாலித்தனம். 1931-ல் அறிக்கை வந்தது. நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் வேண்டும், மத்தியில் ஒரு சோதனைச்சாலை வேண்டும், மருந்து கலப்பதும் கொடுப்பதும் முறையாகப் படித்துப் பதிவுசெய்தவர்கள் கையில் மட்டும் இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். அறிக்கை சில வருடம் தூங்கியது. 1937-ல் கல்கத்தாவில் ஒரு தரநிர்ணய ஆய்வுக்கூடம் வந்தது, பொறுப்பு மறுபடியும் சோப்ராவிடமே. இறக்குமதிக்கு மட்டும் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள், உள்ளூரில் தயாரிப்பவனை விட்டுவிட்டு வெளியூர்க்காரனை மட்டும் பிடித்து என்ன பிரயோஜனம் என்று அதைக் கைவிட்டு, கடைசியில் 1940-ல் மருந்துச் சட்டம், 1945-ல் விதிகள், 1948-ல் மருந்தாளுநர் சட்டம். கம்பவுண்டர் என்று கூப்பிட்டவர்களுக்கு மத்தியில் என் பெயர் ஒரு பதிவேட்டில் ஏறியது அந்தக் கடைசிச் சட்டத்தால்தான்.

வீட்டில் இருக்கிற ஒரு மாத்திரை அட்டையை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். மருந்தின் பெயர், ஒவ்வொரு மாத்திரையிலும் எத்தனை மில்லிகிராம், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி, தயாரித்தவர் முகவரி, உரிமம் எண். பொடி எழுத்து, நிறையப் பேர் காலாவதி தேதியைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை. அதில் பேட்ச் எண்தான் முக்கியமானது என்பேன். தப்பு நடந்தால் அந்த ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு எந்த நாளில், எந்தக் கொப்பரையில் கலந்தது என்பது வரை போய்விடலாம், நாடு முழுக்கக் கடைகளிலிருந்து அதை மட்டும் திரும்ப அழைக்கலாம். இந்தப் பொடி எழுத்தெல்லாம் சோப்ரா குழு கேட்டதிலிருந்து கிளைத்து வந்ததுதான்.

இப்போது 2025 அக்டோபரில் வெளியே தெரிந்ததற்கு வாருங்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து செத்துப்போனார்கள். நம் மாநில ஆய்வுக்கூடம் சோதித்தபோது அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்கிற, தொழிற்சாலையில் பயன்படுகிற விஷக் கரைப்பான். அனுமதி 0.1 சதவீதம். சீசாவில் கிட்டத்தட்டப் பாதி விஷம், அதுவும் தித்திக்கிற விஷம், குழந்தை முகம் சுளிக்காமல் குடிக்கும். இந்த டைஎத்திலீன் கிளைக்கால் புதிய எதிரியும் இல்லை. 1937-ல் அமெரிக்காவில் இதே கரைப்பானைப் போட்ட, கிருமிகளை ஒழிக்கக் கொடுத்த சல்ஃபா மருந்தால் 100 பேருக்கு மேல் செத்தார்கள், கொன்றது கரைப்பான்தான் என்று விலங்குச் சோதனையில் காட்டியவர்களில் முக்கியமானவர் சிகாகோவின் கெய்லிங், அவரும் ஒரு மருந்தியல் பேராசிரியர்தான். அடுத்த வருடமே அங்கே சட்டம் மாறியது. இங்கே 1972-ல் சென்னையில் குழந்தைகள், 1986-ல் பம்பாய் அரசு மருத்துவமனையில் 14 பேர், 2020-ல் ஜம்முவில் குழந்தைகள் என்று திரும்பத் திரும்ப அதே கரைப்பான். ஒவ்வொரு தடவையும் விசாரணை, ஒவ்வொரு தடவையும் கண்டுபிடிப்பது ஒன்றே: வந்த கச்சாப்பொருளைப் பயன்படுத்தும் முன் ஒழுங்காகச் சோதிக்கவில்லை. தயாரிப்பாளர் ஒவ்வொரு பேரலையும் சோதிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது, சோதிக்கும் முறையும் ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை.

இதில் ஒரு பழைய சிக்கல் இருக்கிறது. சோப்ரா குழு கேட்டது மையக் கட்டுப்பாடு. ஆனால் 1935-ன் இந்திய அரசுச் சட்டப்படி இந்த விஷயம் மாகாணங்களுக்குரியது, மாகாணங்கள் ஒப்புதல் கொடுத்துத்தான் மத்தியச் சட்டமே வந்தது, அமல்படுத்துவது அவர்கள் கையிலேயே தங்கிவிட்டது. இன்றைக்கும் தயாரிப்பு உரிமம் கொடுப்பதும் ஆய்வாளரை அனுப்புவதும் மாநிலம், இறக்குமதியும் புது மருந்துகளும் மத்திய அரசு. ஒரு மாநிலத்தில் தயாராகி இன்னொரு மாநிலத்தில் குழந்தையைக் கொன்றால், ரெண்டு பக்கமும் விரல் நீட்டிக்கொள்ள வசதியாக இருக்கிறது, 2025 அக்டோபரில் நாமே பார்த்தோமே. எல்லா அதிகாரத்தையும் டெல்லியில் கொண்டுபோய்க் கொட்டினால் சரியாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை, மாநில ஆய்வுக்கூடம்தான் இந்த முறை ஒரே நாளில் முடிவைச் சொன்னது. ஆனால் ஆய்வாளர் பதவிகளைக் காலியாகப் போட்டுவைத்துவிட்டு அதிகாரம் மட்டும் எங்களுக்கு வேண்டும் என்று எந்த மாநிலமும் கேட்கக் கூடாது.

ஓய்வுக்குப் பிறகும் மனிதர் சும்மா இருக்கவில்லை. ஜம்முவில் ஒரு மருந்து ஆராய்ச்சிக்கூடம் ஆரம்பித்தார், அது பிற்பாடு மத்திய அரசின் சி.எஸ்.ஐ.ஆர். எனப்படும் அறிவியல் ஆராய்ச்சி மன்றத்தின் நிறுவனங்களில் ஒன்றாகி இன்றும் இருக்கிறது. 1946-லிருந்து 48 வரை உள்நாட்டு மருத்துவ முறைகளைப் பற்றிய இன்னொரு குழுவுக்கும் தலைவர். அலோபதி, ஆயுர்வேதம் என்று தனித்தனி மதில் கட்டாமல் சேர்த்தே கற்றுக்கொடுங்கள், சேர்த்தே ஆராயுங்கள் என்று எழுதினார். அரசாங்கம் ஏற்கவில்லை. மூலிகை என்றாலே கேலி செய்கிற டாக்டர்களும், மூலிகை என்றால் சோதனையே தேவையில்லை, பக்கவிளைவே இல்லை என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களும் இன்றைக்கு அவரை ஆளுக்கொரு பக்கம் இழுக்கலாம், ரெண்டு பேருக்கும் அவர் முழுசாகக் கிடைக்க மாட்டார். மஞ்சள் அரளிக் கொட்டை இதயத்தை எப்படி நிறுத்துகிறது என்று ஆராய்ந்த மனிதரிடம் போய், இயற்கையானது எல்லாம் நல்லது என்று சொல்லிப் பாருங்கள்! 1973-ல் 90 வயதில் காலமானார். 1983-ல் தபால்தலை வெளியிட்டார்கள், மருந்தியல்காரர்கள் அவர் பெயரில் நினைவுச் சொற்பொழிவு வைக்கிறார்கள், அதோடு சரி.

அவருக்குச் சிலை வையுங்கள் என்று கேட்க நான் இதை எழுதவில்லை. உங்களிடம் ஒரு சின்ன வேண்டுகோள் இருக்கிறது, கடிதத்தை வெட்டுவதென்றால் மேலே எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதாமாதம் தரமற்ற மருந்துகளின் பட்டியலை வெளியிடுகிறது, மருந்தின் பெயர், பேட்ச் எண், தயாரிப்பாளர், எதில் தோற்றது என்கிற விவரத்தோடு. அது ஆங்கிலத்தில், ஓர் இணையதளத்தின் மூலையில் கிடக்கிறது. உங்கள் பத்திரிகையில் வருவதோ, 'இத்தனை மருந்துகள் தரமற்றவை' என்ற எண்ணிக்கையும் தலைப்பும் மட்டும். அதைப் படித்துப் பயப்படலாமே தவிர, கையில் இருக்கும் மாத்திரை அதில் இருக்கிறதா என்று பார்க்க வழியில்லை. அந்தப் பட்டியலை மாதம் ஒரு முறை, பேட்ச் எண்ணோடு, தமிழில், பொடி எழுத்தில் போட்டாலும் பரவாயில்லை, அரைப் பக்கம் ஒதுக்கிப் போடுங்கள். ராசிபலனுக்கு தினமும் இடம் கிடைக்கிறதே.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்